ஐவியின் கோணல் குச்சி

ரோலண்ட் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதில் பாதி அவரைத் திட்டுவதாகத்தான் இருக்கும்.

பேக்கரி வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து பல வருடமாகிறது. இங்கிலாந்தில், கவன்ட்ரியில் எங்கள் பக்கத்துத் தெருவில் வீடு. வீடு முழுக்கப் பழைய டெலிபோன். மாடிப்படியில் படிக்கு ஒன்று, குளியலறையில்கூடப் பச்சை நிறத்தில் ஒன்று. மணி அடித்தால் எது அடிக்கிறது என்று அவர் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கூப்பிட்டவருக்கு வயதாகிவிடும். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய டெலிபோன் சேகரிக்கும் எங்கள் கிளப்பின் கூட்டம் முடிந்து என்னையும் என் சிநேகிதி ஐவியையும் காரில் கொண்டுவந்து விடும்போது, ஐவியின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, மழையைத் துடைக்கும் வைப்பரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"ஐவி, என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

பின் சீட்டில் நான் இருந்தேன். மடியில் கேக் டப்பா. இறங்கவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

ஐவிக்கு அறுபத்தேழு வயது. கல்யாணமே ஆகாதவள். அவள் முகம் செவசெவ என்று ஆனதை நான் இளம் வயதில்கூடப் பார்த்ததில்லை. "சனிக்கிழமை சர்ச் விழா முடியட்டும். அன்னிக்குச் சொல்றேன். அதுவரைக்கும் டயல் வேலை தலைக்கு மேல கிடக்கு" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து மழையில் ஓடினாள். ஓடிய அவசரத்தில் தன் கருவிச் சுருளைக் கார் சீட்டிலேயே விட்டுவிட்டாள். எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தச் சுருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கேன்வாஸ் துணி, அதில் வரிசையாகப் பைகள். டயலை அழுத்திப் பிடிக்கும் வளையத்தைக் கழற்ற இரண்டு பல் உள்ள ஸ்பேனர், திருகாணியைக் கீழே விடாமல் கவ்விக்கொண்டு போகும் ஸ்க்ரூடிரைவர், நீள மூக்குக் குறடு, தகட்டின் முகத்தைச் சுத்தம் பண்ண நகம் கனத்தில் ஒரு இரும்புப் பட்டை, தகடு எவ்வளவு அழுத்துகிறது என்று காட்டும் முள் வைத்த ஒரு குட்டிக் கடிகாரம். இதெல்லாம் யாரிடமும் இருக்கும். கிளப்பில் மேஜை போட்டு விற்பார்கள். ஆனால் குச்சி என்று ஒன்று உண்டு. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

டயலை விரலால் சுற்றி விட்டால் அது கரகரவென்று திரும்பி வருமே, அப்போது உள்ளே இரண்டு மெல்லிய தகடுகள் தொட்டுத் தொட்டு விலகும். ஐந்தைச் சுற்றினால் ஐந்து தடவை விலகும். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் எந்த மணியை அடிப்பது என்று எக்ஸ்சேஞ்ச் முடிவு செய்யும். தகடு ஒரு மயிரிழை தள்ளி நின்றாலும் கணக்குத் தப்பிவிடும். தப்பினால் ஐந்தைக் கூப்பிட்டவனுக்கு நான்கு வரும். அந்தத் தகட்டைச் சரியான இடத்துக்கு வளைக்கும் கருவிதான் குச்சி. பென்சில் நீளத்தில் இரும்புக் கம்பி, மரப்பிடி, நுனியில் ஒரு பிளவு. பிளவைத் தகட்டில் மாட்டி, மூச்சை அடக்கி, இல்லாதது மாதிரி ஒரு திருப்பு. முடிந்தது. கேட்டலாக்கில் அதற்குப் பெரிய பெயரெல்லாம் உண்டு. டெலிபோன் தொழிற்சாலையில் டயல் பெஞ்சில் உட்கார்ந்த நாங்கள் எல்லோரும் குச்சி என்றுதான் சொன்னோம்.

கடையிலிருந்து வரும் குச்சி நேராக இருக்கும். எங்கள் ஒருத்தி கையிலும் அது நேராக இருந்ததில்லை. டயலின் பின்புறத்தில் உள்ள தகட்டை நேர்க் குச்சியால் எட்ட முடியாது. கம்பியின் கழுத்தை அவளவள் கைக்கு ஏற்ற மாதிரி வளைத்துக்கொள்வோம். அதில் ஒருத்தியின் வளைவு இன்னொருத்திக்கு உதவாது. புருஷனைக்கூட ஒரு வாரத்துக்குக் கடன் கொடுக்கலாம், குச்சியைக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் பெஞ்சின் வேதவாக்கு.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கல்யாணமாகி வேலையை விடுகிறவள் தன் குச்சியைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். யார் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது. அவள் இடத்துக்கு வருகிற பெண் அதை எடுத்து நிமிர்த்தித் தன் கைக்கு வளைத்துக்கொள்வாள். லென்னைக் கட்டிக்கொண்டு நான் போனபோது என் குச்சியையும் அப்படித்தான் வைத்துவிட்டு வந்தேன். லென் தங்கமான மனிதன், அவனோடு நன்றாகத்தான் வாழ்ந்தேன். ஆனாலும் சமையலறை இழுப்பறையைத் திறக்கும்போது சில நாள் கை தானாக அந்தக் குச்சியைத் தேடும். போகிற அன்று, கம்பிக்கட்டுகளைக் கட்டும் சிவப்பு மெழுகு நூல் ஒரு முழம் எடுத்து, ஐவியின் குச்சிப் பிடியில் நெருக்கமாகச் சுற்றிக் கொடுத்தேன். "எனக்குத்தான் இல்ல, உன்னோடதாச்சும் வழுக்காம இருக்கட்டும்டி" என்றேன். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது.

ஐவி மட்டும் வைத்துவிட்டு வரவே இல்லை. முலாம் பூசும் பகுதியில் மாரிஸ் என்று ஒருவன், பார்க்க லட்சணமானவன், அவளைக் கேட்டான். சனி ஞாயிறு முழுக்க யோசித்துவிட்டுத் திங்கட்கிழமை முடியாது என்று சொல்லிவிட்டாள். ஏண்டி என்று கேட்டதற்கு, "ரெண்டையும் தராசுல வச்சுப் பாத்தேன் நோரா. குச்சி பக்கம்தான் கனமா இருந்துச்சு" என்றாள். நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

இப்படிப்பட்ட குச்சிதான் ரோலண்டின் கார் சீட்டில் கிடந்தது.

மறுநாள் அவர் போன் பண்ணி, "உங்க சுருள் என்கிட்ட பத்திரமா இருக்கு. வியாழக்கிழமை சர்ச் ஹாலுக்கு எடுத்துட்டு வந்துடறேன்" என்றார். ஐவியும் சரி என்றாள். வியாழக்கிழமைதான் வேலை ஆரம்பம். வருடா வருடம் சர்ச் விழாவுக்கு எங்கள் கிளப், அந்த ஹாலில் ஒரு குட்டி எக்ஸ்சேஞ்சை அமைத்து, மைதானம் முழுக்கப் பழைய டெலிபோன்களை வைக்கும். டீக்கூடாரத்தில் ஒன்று, கேக் மேஜையில் ஒன்று, குலுக்கல் பரிசு மேஜையில், வாசல் கேட்டில் என்று. பிள்ளைகள் சுற்றிச் சுற்றி விளையாடும். சர்ச் கூரையைப் பழுதுபார்க்க நாங்கள் சேர்க்கும் காசில் பெரும் பகுதி அதில்தான். போன வருடம் ஒரு டயல் சரியில்லாமல், டீக்கூடாரத்தைக் கூப்பிட்ட ஒரு அம்மாள், பாதிரியாரிடம் இரண்டு சாசேஜ் ரோல் கேட்டுவிட்டாள். இந்தத் தடவை எல்லா டயலையும் ஐவி கையால் சரி பண்ணுவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை ரோலண்ட் கோட்டு போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார். கையில் கேன்வாஸ் சுருள் இல்லை. நீல வெல்வெட் வைத்த ஒரு மரப்பெட்டி. அவரே செய்திருக்கிறார். பாவம், மூன்று நாளாகத் தூங்கவில்லை போலிருக்கிறது.

"தெறந்து பாருங்க" என்றார்.

ஐவி திறந்தாள். உள்ளே அவள் கருவிகள் கல்யாணப் பெண் மாதிரி மின்னிக்கொண்டு படுத்திருந்தன. ஒரு பொட்டுத் துரு இல்லை. மரப்பிடிகளுக்குப் புது வார்னிஷ். நடுவில் குச்சி. அம்பு மாதிரி, நேராக.

"இது யாரோடது?" என்றாள் ஐவி.

"உங்களோடதுதான்!"

"என்னோடது கோணலா இருக்குமே."

"ஆமா, எங்கயோ விழுந்து நசுங்கியிருக்கும்போல. அதான் நிமித்திட்டேன். கேட்டலாக் படத்த பக்கத்துல வச்சுப் பாத்துப் பண்ணினேன். அச்சு அசலா அதே மாதிரி!" அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. எனக்கு அவரைப் பெட்டிக்குள் போட்டு மூட வேண்டும்போல இருந்தது.

சேகரிக்கிறவர்களின் வியாதி இது. அவர்களுக்குப் பொருள் என்றால் பெட்டியிலிருந்து முதல் நாள் எடுத்த மாதிரி இருக்க வேண்டும். அதை ஒருத்தி ஆயுசு முழுக்கக் கையில் வைத்திருந்ததெல்லாம் அவர்கள் கண்ணுக்கு அழுக்குத்தான். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். ரோலண்டிடம் கொடுத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஐவி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஒரு டயலைக் கழற்றி மேஜையில் கவிழ்த்து வைத்தாள். குச்சியை எடுத்து, எப்போதும் பிடிப்பது மாதிரியே பிடித்துப் பின்பக்கத் தகட்டுக்குக் கொண்டுபோனாள். எட்டவில்லை. மணிக்கட்டை மடக்கிப் பார்த்தாள். வார்னிஷ் பிடி வழுக்கியது. சின்னதாக ஒரு சத்தம் வந்தது, தகடு ஒரு பக்கமாக மடங்கிக்கொண்டது.

"பழக்கம் இல்லாததுனால..." என்று ஆரம்பித்தார் ரோலண்ட்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொல்றேன், அப்படித்தான?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லல..."

ஐவி குச்சியை வெல்வெட்டில் வைத்து மூடினாள். "பெட்டி ரொம்ப அழகா இருக்கு. சுவத்துல மாட்டுங்க. சனிக்கிழமை பதில் சொல்றேன்னு சொன்னேன்ல? இந்தக் குச்சிய வச்சு ஒரு டயலும் சரியாகாது. அதுக்குள்ள பதில் மட்டும் எங்கிருந்து வரும்?" மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ரோலண்ட் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் விடவில்லை. "உங்க பல்செட்டு யாராச்சும் தூக்கிட்டுப் போய், படத்தப் பாத்து வரிசையா ராவி எடுத்துட்டு வந்தா எப்படி இருக்கும்?"

"துரு ஏறியிருந்தது நோரா. நூலெல்லாம் பிசுபிசுன்னு..."

நூல். அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. பிடியில் சிவப்பு நூல் இல்லை.  "அந்த நூல என்ன பண்ணினீங்க? குப்பையில போட்டீங்களா?"

"போடுவேனா?" என்று உண்மையிலேயே அதிர்ந்துபோய்க் கேட்டார். கோட்டுப் பையிலிருந்து ஒரு இருமல் மிட்டாய் டப்பாவை எடுத்துத் திறந்தார். பஞ்சு மேல் என் சிவப்பு நூல், அழகாகச் சுருட்டி. "கேட்டலாக்ல இது இல்ல. ஆனா யாரோ ரொம்ப ஆசையா சுத்தியிருக்காங்கன்னு தெரிஞ்சுது. அறுக்க மனசு வரல. ஒவ்வொரு சுத்தா பிரிச்சேன்."

இந்த ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? திட்ட வந்த வாய் மூடிக்கொண்டது. "நாளைக்கு மத்தியானம், கம்பிய இறுக்கிப் பிடிக்கற உங்க வைஸ்ஸ தூக்கிக் கார்ல போடுங்க. அந்தப் பெட்டியையும், இங்க இருக்கற டயலையெல்லாமும். ஐவி வீட்டுக்குப் போறோம். நீங்க வாயத் தெறக்கக்கூடாது."

"எவ்வளவு வளைவு இருந்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா? டிகிரி சொன்னீங்கன்னா நானே..."

"வாயத் தெறக்கக்கூடாதுன்னேன்."

அன்று சாயங்காலமே நான் ஐவியிடம் போனேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்பது எனக்காகத்தான் சொன்னது. ஐவி தோட்டத்தில் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள், தேவைக்கு மேலேயே.

"வேணும்னு பண்ணலடி. உனக்குச் சந்தோஷமா இருக்கும்னு நெனச்சுட்டார்" என்றேன்.

"அதுதான் நோரா பயமா இருக்கு. கெட்ட எண்ணத்துல பண்ணியிருந்தா மூஞ்சில ரெண்டு கொடுத்துட்டுப் போயிருப்பேன். இவர் அன்புல பண்றாரு. இன்னிக்குக் குச்சி. நாளைக்கு நான் டீ போடறது. அப்புறம் நான் கட்டில்ல எந்தப் பக்கம் படுக்கறேன்கறது. அன்பாவே ஒண்ணொண்ணா நிமித்திக்கிட்டு வருவாரு. கடைசில கேட்டலாக்ல இருக்கற மாதிரி ஒரு பொம்பள இருப்பா. நான் எங்க இருப்பேன்?"

 தண்டுகளில் பாதியை நான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஐவியின் கதவைத் தட்டினோம். ரோலண்ட் வைஸைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். கதவு ஒரு சாண் திறந்தது. ஐவி வைஸைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"வைஸ் உள்ள வரலாம். ஆள் வேண்டாம்."

ஆக, ரோலண்ட் தெருவில் காரிலேயே உட்கார்ந்திருந்தார். நான்தான் அந்தக் கனத்தைத் தூக்கிப்போய்ச் சமையலறை மேஜையின் விளிம்பில் பூட்டினேன். ஐவி பெட்டியைத் திறந்து குச்சியின் கழுத்தை வைஸில் வைத்து இறுக்கினாள். பழைய வளைவு அவளுக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டே வளைத்தாள். நான் டீ போட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் காரில் அந்தத் தலை, நேராக, அசையாமல்.

"பாவம்டி. ஒரு டீ கொடுக்கட்டுமா?"

"டீ கொடு. பிஸ்கட் வேண்டாம்."

நான் கொடுத்துவிட்டு வந்தபோது ஐவி குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். அவள் வலது கட்டைவிரலில் எப்போதும் ஒரு பிளாஸ்திரி இருக்கும். மற்ற பெண்களுக்கு மோதிரம் மாதிரி அவளுக்கு அது. குளிர்காலத்தில் விரல் வெடித்துவிடும், வேலை செய்தால் முட்டி வீங்கிவிடும். வயசாச்சு என்பாள், நாங்களும் ஆமாம் என்போம்.

"இதேதான் பழைய வளைவு. சரியாவே வந்துடுச்சு" என்றாள். "ஆனா குத்துது."

"அவர் ஏதாச்சும் தேச்சுக் கெடுத்துட்டாரா?"

"இல்ல." பிளாஸ்திரியைப் பிய்த்துப் போட்டாள். குச்சியைப் பிடித்தாள். கம்பியின் கழுத்து நேராக அந்தப் புண்ணின் மேலேயே போய் உட்கார்ந்தது. ஒரு தடவை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் அதே இடம்.

ஐவி குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நோரா, இத நான் எப்ப வளைச்சேன்?"

"சேந்த முதல் வருஷம். பதினாறு வயசு."

"அந்தக் கை எங்க இருக்கு இப்ப?"

அவள் விரலை நீட்டினாள். முட்டிகள் எல்லாம் புடைத்து, பெருவிரல் கொஞ்சம் உள்பக்கம் சாய்ந்து. பதினாறு வயது விரலுக்கு வளைத்த கம்பியை அறுபத்தேழு வயது விரல் அத்தனை காலமும் பொறுத்துக்கொண்டிருக்கிறது. குச்சி தன்னுடையது என்பதால் வலியும் தன்னுடையது என்று நினைத்திருக்கிறாள். கோணலை நிமிர்த்தவே கூடாது என்று கட்டிக்காத்தவளுக்கு, ஒரு தடவை நிமிர்த்தித் திரும்ப வளைத்துப் பார்க்கலாம் என்று தோன்றவே இல்லை.

வைஸில் மறுபடி வைத்தாள். இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு வளைத்தாள். கொஞ்சம் வளைப்பாள், பிடித்துப் பார்ப்பாள், திரும்ப வைப்பாள். வளைவு பழைய இடத்தில் இல்லை, ஒரு விரல் தள்ளி வந்தது. பழையது அளவுக்கு ஆழமும் இல்லை. பிறகு நான் ரோலண்டிடம் வாங்கி வைத்திருந்த இருமல் மிட்டாய் டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தேன். நூலைப் பார்த்ததும் அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"தூக்கிப் போடலையா?"

"சுத்துச் சுத்தா பிரிச்சாராம்."

நானே மறுபடி சுற்றிக் கொடுத்தேன். கை மறக்கவில்லை. ஐவி நாங்கள் கொண்டுவந்த டயல்களில் ஒன்றை எடுத்துக் கவிழ்த்து, குச்சியைத் தகட்டில் மாட்டி, மூச்சை அடக்கி ஒரு திருப்பு திருப்பினாள். டயலைச் சுற்றிக் காதில் வைத்துக் கேட்டாள். மழை நின்ற பிறகு கூரையிலிருந்து சொட்டுகிற மாதிரி சீராக விழுந்தது. அடுத்த டயல். அதற்கடுத்தது. நேற்றுக் கெடுத்த டயலுக்குப் புதுத் தகடு போட்டு அதையும் முடித்தாள். முடித்த பிறகு கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தாள்.

"வலிக்கலடி" என்றாள். சின்னப் பெண் மாதிரி சொன்னாள். பிறகு உடனே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, "அவர்கிட்ட மூச்சு விட்ட, கொன்னுடுவேன். இன்னிக்கு ராத்திரி பூரா தவிக்கட்டும்" என்றாள்.

"அப்ப பதில் என்னடி?"

"பதில் சனிக்கிழமைன்னு சொன்னேன். இன்னிக்கு வெள்ளி."

"அந்தப் பயம் போயிடுச்சா?"

குச்சியை உள்ளங்கையில் உருட்டினாள். "பாதி போயிடுச்சு" என்றாள். "மீதியக் கேட்டுத்தான் பாக்கணும்."

நான் வைஸைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனபோது ரோலண்ட், "என்ன சொன்னாங்க?" என்றார். "உங்க வைஸ் நல்ல வைஸ்னு சொன்னா" என்றேன். அதற்கே அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

சனிக்கிழமை காலையில் தூறிவிட்டு, விழா ஆரம்பிக்கும்போது பளிச்சென்று வெயில். ரோலண்டுக்கு வாசல் கேட்டில் டிக்கெட் வேலை. மேஜையில் டிக்கெட் புத்தகம், பக்கத்தில் ஒரு கறுப்பு டெலிபோன். அந்தக் கோட்டையே போட்டுக்கொண்டு, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் இரண்டு டிக்கெட்டாகக் கிழித்துக் கொடுத்தார். நானும் ஐவியும் மைதானத்தின் மறு கோடியில் டீக்கூடாரத்தில். டெலிபோன்கள் இடைவிடாமல் அடித்தன. ஒன்றுகூடத் தப்பாகப் போகவில்லை. பாதிரியார் வந்து, "இந்த வருஷம் என்கிட்ட யாரும் சாசேஜ் ரோல் கேக்கல ஐவி, கொஞ்சம் வருத்தமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் கொஞ்சம் அடங்கியதும் ஐவி ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். ஏப்ரன் பையிலிருந்து குச்சியை எடுத்து டெலிபோன் பக்கத்தில் வைத்தாள். ரிசீவரை எடுத்தாள். வாசல் கேட்டின் நம்பர் ஏழு. விரலை விட்டுச் சுற்றி விட்டாள். கரகரவென்று டயல் திரும்பி வந்தது. மைதானத்துக்கு அந்தப் பக்கம் மணி அடிப்பது எங்களுக்கே கேட்டது. ரோலண்ட் துள்ளி எழுந்ததும் தெரிந்தது. நான் வெட்கமே இல்லாமல் ரிசீவரின் மறுபக்கம் காதை ஒட்டிவைத்தேன். அவளும் தள்ளிவிடவில்லை.

"கேட்... கேட் பேசறேன்."

"ஏழு சுத்தினேன். சரியா வந்துச்சா?"

"ஐவி! வந்துச்சு. சுத்தமா வந்துச்சு. ஐவி, நான் அந்த வளைவ..."

"நான் முடிச்சுக்கறேன், அப்புறம் பேசுங்க. எங்க பெஞ்சுல கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போறவ குச்சிய வச்சுட்டுப் போகணும். தெரியுமா?"

"நோரா சொல்லியிருக்காங்க."

"நான் வைக்க மாட்டேன். நான் வந்தா அதுவும் வரும். என் டீ, என் பழக்கம், நான் படுக்கற பக்கம், எல்லாம் கோணலாவே வரும். மாத்தணும்னு எனக்குத் தோணுச்சுன்னா நானே மாத்திக்குவேன். அப்ப வைஸ் மட்டும் கொடுத்தாப் போதும். சம்மதமா?"

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. லைன் போய்விட்டதோ என்று நான் டெலிபோனை முறைத்தேன்.

"ரோலண்ட்?"

அந்தப் பக்கம் வைக்காமல் விட்ட ரிசீவரில், டிக்கெட் வாங்க வந்த யாரோ "ஹலோ? ஹலோ?" என்றார்கள். நிமிர்ந்து பார்த்தால், கேக் மேஜையையும் குலுக்கல் மேஜையையும் தாண்டிக்கொண்டு, கோட்டு பறக்க, அந்த வயதில் அவர் ஓடிவருகிறார். கேட்டில் ஆளில்லாமல் ஜனங்கள் இலவசமாக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். கூரைக்குச் சேர வேண்டிய காசு அது. எனக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் வரவில்லை.

டீ மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. சம்மதம் என்று தலையை மட்டும் ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். ஐவியின் கையைப் பிடிக்கத்தான் கையை நீட்டினார். நீட்டிய கைக்கு நேரே மேஜையில் குச்சி கிடந்தது, புதுக் கோணலும் பழைய சிவப்பு நூலுமாக. அதைப் பார்த்ததும் இரண்டு கையையும் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஐவி சிரித்துவிட்டாள். குச்சியை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

"தொடலாம் ராசா" என்றாள். "நிமித்தத்தான் கூடாது."